நன்னீர் மீன் தொட்டியில கடல் சிப்பி போடலாமா, இல்ல வேற எது போடலாம்?

ராமேஸ்வரம், கன்னியாகுமரி, தூத்துக்குடி பக்கம் போயிட்டு வர்ற வீடுகள்ல எப்படியும் ஒரு கவர் நிறைய சிப்பி, சோழி, சின்ன சங்குன்னு வந்து சேர்ந்துடும், ரெண்டு நாள் டேபிள் மேல கிடக்கும், அப்புறம் யாராவது ஒருத்தர் இத மீன் தொட்டியில போட்டா அழகா இருக்குமேன்னு சொல்வாங்க. அங்கதான் குழப்பம் ஆரம்பிக்கும். கடைக்காரர் ஒருத்தர் தாராளமா போடுங்கம்பார், இன்னொருத்தர் போட்டா மீன் செத்துடும்பார். ரெண்டு பேர் சொல்றதும் சில வீட்டுக்கு உண்மை, சில வீட்டுக்கு பொய். ஏன்னா இதுக்கு பதில் சிப்பியில இல்ல, உங்க வீட்டு குழாய்ல வர்ற தண்ணியிலயும் நீங்க வளர்க்கிற மீன்லயும் தான் இருக்கு. அத பாக்காம யார் என்ன சொன்னாலும் எடுத்துக்காதீங்க.

முதல்ல சிப்பி தண்ணிக்குள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சுக்கணும். சிப்பி, சோழி, சங்கு, கிளிஞ்சல் எல்லாமே கிட்டத்தட்ட முழுக்க கால்சியம் கார்பனேட் தான், மார்பிளும் சுண்ணாம்புக்கல்லும் முட்டை ஓடும் எதால ஆனதோ அதே பொருள். தண்ணி கொஞ்சம் அமிலமா இருந்தா இது மெதுவா கரையும், கரைய கரைய தண்ணியில மூணு விஷயம் ஏறும்: கடினத்தன்மை, அதாவது ஜிஹெச், அப்புறம் தண்ணிய பிஹெச் மாறாம பிடிச்சு வெச்சுக்கிற கேஹெச், இந்த ரெண்டோட சேர்ந்து பிஹெச், அதாவது தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு. தண்ணி ஏற்கனவே காரமா பிஹெச் 8ஐ தாண்டி இருந்தா கரையறது கிட்டத்தட்ட நின்னுடும், சிப்பி சும்மா கல்லு மாதிரி கிடக்கும். நிறைய பேர் கேக்கிற இன்னொரு கேள்வி, கடல் சிப்பி போட்டா தண்ணி கரிக்குமா. கரிக்காது. ஒட்டிட்டு இருக்கிற கடல் உப்பு ரெண்டு மூணு தடவை கழுவுனாலே போயிடும், ஓடு உப்பால ஆனது கிடையாது.

எவ்ளோ ஏறும்னு ஒரு கணக்கு போட்டு பாத்துடலாம். ஒரு டிகிரி கேஹெச்ங்கறது ஒரு லிட்டர் தண்ணிக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட். 50 லிட்டர் தொட்டின்னா ஒரு டிகிரி ஏத்த ஒரு கிராமுக்கும் கொஞ்சம் கம்மியா கரைஞ்சா போதும். ஒரு நடுத்தர சோழியே 10 கிராம் இருக்கும், அது முழுசும் கரைஞ்சா அந்த 50 லிட்டர்ல 11 டிகிரி ஏறிடும். முழுசா கரைய மாட்டேங்குது, பல மாசம் ஆகும், நடுவுல நீங்க தண்ணி மாத்துவீங்க, அதனால நிஜத்துல அவ்ளோ வராது. ஆனா சின்னதா ஒரு சிப்பி தானே, அது என்ன பண்ணிடப்போகுதுன்னு நினைக்கிறவங்களுக்கு இந்த கணக்கு தெரியணும், கையளவு சரக்கே ஒரு தொட்டிய முழுசா மாத்துற அளவுக்கு இருக்கு.

இப்ப தண்ணிக்கு வாங்க. போர் தண்ணி வர்ற வீடுன்னா உங்களுக்கே தெரியும், குழாய் முனையில வெள்ளையா படியும், வாட்டர் ஹீட்டர் காயில் கெட்டியா மூடிடும், சோப்பு சரியா நுரைக்காது. அந்த தண்ணியில ஏற்கனவே கேஹெச் நிறைய இருக்கும், பிஹெச்சும் பெரும்பாலும் 7.5க்கு மேல நிக்கும், அதுல சிப்பி போட்டா பெருசா எந்த மாற்றமும் வராது. சென்னையில போர் போட்டு மோளி, கப்பி, கோல்ட்ஃபிஷ்னு வெச்சிருக்கிற நிறைய வீட்ல சிப்பி போட்டும் ஒண்ணும் ஆகாததுக்கு காரணம் இதான், அவங்க தண்ணி ஏற்கனவே சிப்பி தண்ணி. ஆனா கோயம்புத்தூர்ல சிறுவாணி தண்ணி பிடிச்சு வளர்க்கிறவர் அத கேட்டுட்டு அப்படியே செஞ்சா கதை வேற, சிறுவாணி ரொம்ப மென்மையான தண்ணி, அதுல சிப்பி நல்லாவே கரைஞ்சு எல்லாத்தையும் ஏத்திவிடும். ஆர்ஓ தண்ணி இன்னும் மோசம், அதுல பிடிச்சு வைக்க கேஹெச்சே கிடையாது, அதனால எதைப் போட்டாலும் பிஹெச் சட்டுனு ஆடும். சென்னை மெட்ரோ வாட்டர் ஏரியாவுக்கு ஏரியா, சீசனுக்கு சீசன் மாறும், அத நம்பி ஒரு பொது முடிவு சொல்ல முடியாது.

தண்ணியில மொத்தமா எவ்ளோ கரைஞ்சிருக்குன்னு காட்டுற டிடிஎஸ் பேனா வெச்சிருக்கேன் அது போதுமான்னு கேப்பாங்க. போதாது. கடலோர ஊர்கள்ல போர் தண்ணியில டிடிஎஸ் ஆயிரத்த தாண்டும், ஆனா அதுல பாதிக்கு மேல சாதாரண உப்பா இருக்கலாம், கேஹெச் கம்மியா கூட இருக்கலாம். கேஹெச் டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கிக்கோங்க. 5 மில்லி தண்ணி எடுத்து ஒவ்வொரு துளியா விட்டு குலுக்கணும், முதல்ல நீலமா இருக்கும், ஒரு துளியில டக்குனு மஞ்சளாயிடும், அதுவரைக்கும் எத்தனை துளி விட்டீங்களோ அத்தனை டிகிரின்னு பெரும்பாலான கிட்ல கணக்கு. ரெண்டு நிமிஷ வேலை. அதுல 8, 10ன்னு வந்தா சிப்பிய பத்தி ரொம்ப யோசிக்க வேண்டியதில்ல. 3, 4க்கு கீழ வந்தா நீங்க போடுற ஒவ்வொரு சிப்பியும் தண்ணிய மாத்தும்னு வெச்சுக்கோங்க.

மீன் பக்கம் பாத்தா, மோளிக்கு கடினமான தண்ணி தான் சந்தோஷம், கப்பி, பிளாட்டி, ஸ்வோர்ட்டெயில் எல்லாமே அதே கூட்டம், கோல்ட்ஃபிஷ், ரெயின்போ மீன்களும் கடினத் தண்ணிய நல்லா தாங்கும். ஆப்பிரிக்காவோட மலாவி, டாங்கன்யிகா ஏரிகள்ல வாழ்ற சிக்லிட் மீன் வெச்சிருந்தா சிப்பி அங்க தேவையான பொருளாவே ஆயிடும். அதுக்கு நேர் எதிர் பக்கம் டிஸ்கஸ், ராம், கார்டினல் டெட்ரா, நியான், நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள்லேருந்து வந்த மிஸ் கேரளா, இதெல்லாம் மென்மையான தண்ணி மீன்கள். கடையில வர்ற நியானும் டிஸ்கஸும் பண்ணையில பொறந்ததுங்க, கொஞ்சம் கடினத்த தாங்கிக்கும், ஆனா முட்டை வெச்சு குஞ்சு எடுக்கணும்னு ஆசை இருந்தா அந்த தொட்டியில சிப்பி வேண்டவே வேண்டாம். கிரிஸ்டல் ரெட் இறாலுக்கும் வேண்டாம், செர்ரி இறாலுக்கு பிரச்சனை இல்ல. ஃபைட்டர் மீனுக்கு நாட்டு வாதாம் இலை போட்டு தண்ணிய டீ கலர்ல வெச்சிருக்கிறவங்க நிறைய பேர், அதே தொட்டியில அழகுக்கு ஒரு சங்கையும் வைப்பாங்க, இலை பிஹெச்ச இறக்க பாக்கும், சங்கு ஏத்த பாக்கும், ரெண்டுல எத வேணும்னு முடிவு பண்ணிக்கோங்க.

பிஹெச் 7லேருந்து 8க்கு போனா மீன் உடனே செத்துடாது, மெதுவா ஏறுனா நிறைய மீன் பழகிக்கும். ஆனா ஒரு ஆபத்து ஒளிஞ்சிருக்கு. மீன் கழிவுல வர்ற அமோனியா பிஹெச் 7ல இருக்கும்போது விஷமான வடிவத்துல ஒரு சதவீதத்துக்கும் கீழ தான் இருக்கும், நம்ம ஊர் வெயில்ல தண்ணி 28 டிகிரி இருந்து பிஹெச் 8 ஆயிட்டா அது 6 சதவீதத்த தாண்டிடும். அதாவது அதே தொட்டி, அதே மீன், அதே அழுக்கு, ஆனா பல மடங்கு விஷம். ஃபில்டர் சரியா செட் ஆகாத புது தொட்டியில சிப்பி போட்டவங்க மீன் செத்துச்சுன்னு சொல்றதுல பாதி கதை இதுதான்னு நான் நம்புறேன்.

சரி, என்னென்ன ஆப்ஷன் இருக்குன்னு ஒவ்வொண்ணா பாப்போம். கடற்கரையில கிடைக்கிற பச்சையான சிப்பி, அதாவது பாலிஷ் எதுவும் போடாதது, இது முதல் ஆப்ஷன். இதுலயும் வடிவம் ரொம்ப முக்கியம். தட்டையா விரிஞ்ச கிளிஞ்சல், மட்டி ஓடு இதெல்லாம் நல்லது, உள்ள எதுவும் ஒளிஞ்சிருக்க இடமில்ல, கழுவ ஈஸி. சுருள் சங்கு தான் தொந்தரவு. வெளியிலேருந்து பாத்தா காலியா சுத்தமா தெரியும், ஆனா கடைசி சுருள்ல காஞ்ச சதை ஒட்டிட்டு இருக்கும், தண்ணியில ரெண்டு நாள் ஊறுனதும் அது அழுக ஆரம்பிச்சு அமோனியாவ கக்கும். மூக்குகிட்ட கொண்டுபோய் மோந்து பாத்தாலே பாதி தெரிஞ்சிடும். இன்னொண்ணு, வாய் அகலமா உள்ள போகப் போக குறுகிட்டே போற சங்குல கூலி லோச், சின்ன பிளெக்கோ மாதிரி ஒளிய பிடிக்கிற மீன் தலைய விட்டு மாட்டிக்கும், பின்னாடி வரத் தெரியாது. மீன் சைஸுக்கு சங்கு ஒண்ணு ரொம்ப பெருசா இருக்கணும், இல்லன்னா உள்ளயே போக முடியாத அளவு சின்னதா இருக்கணும், நடுவுல இருக்கிறது தான் பொறி. கோல்ட்ஃபிஷ் தொட்டியில பொடி சிப்பி போடாதீங்க, அது தரைய வாயில அள்ளி அள்ளி துப்புற மீன், தொண்டையில சிக்கிடும். உடைஞ்ச ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், ஃபைட்டர் வாலு ஒரு ராத்திரியில கிழிஞ்சிடும், விரலால ஓரத்த தடவி பாருங்க, உங்க விரலுக்கு உறுத்துனா மீனுக்கும் வேணாம்.

கோயில் வாசல் கடைகள்ல பளபளன்னு விக்கிற சங்கும் சோழியும் அடுத்த ஆப்ஷன், என் கணக்குல இது ஆப்ஷனே இல்ல. இதுல நிறைய ஆசிட்ல கழுவி மேல் தோல எடுத்துட்டு எண்ணெயோ வார்னிஷோ அடிச்சது, சிலதுல கலர் சாயமும் ஏத்தியிருப்பாங்க, சிப்பிய ஒட்டி செஞ்ச மயில், படகு, விநாயகர் இதெல்லாம் என்ன பசைன்னு யாருக்கும் தெரியாது. ஷோகேஸ்ல வைக்க செஞ்ச பொருள அங்கயே வைங்க. மேல கோட்டிங் இருக்கான்னு பாக்க ஒரு வழி உண்டு, ஒரு சொட்டு வினிகர் விட்டு பாருங்க, பொடிப்பொடியா குமிழி வந்தா அது வெறும் ஓடு, எதுவுமே வரலன்னா மேல ஏதோ பூசியிருக்கு. சிலர் நாமளே எபாக்ஸி பூசிட்டா கரையாதேன்னு கேப்பாங்க. வெளிய பூசலாம், சங்கோட உள்சுருளுக்குள்ள எப்படி பூசுவீங்க, அந்த பூச்சும் நாளாக நாளாக எங்கயாவது விரியும். அவ்ளோ கஷ்டப்பட்டு சிப்பிய சிப்பி இல்லாம ஆக்குறதுக்கு வேற பொருள் வாங்கிடலாம்.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆப்ஷன் நத்தை ஓடு. வயல்ல, குளத்துல வளர்ற உருண்டை நத்தையோட காலி ஓடு, கோடையில தண்ணி வத்துனதும் வரப்போரமா கிடக்கும், பழுப்பும் பச்சையுமா இருக்கும், நன்னீர் தொட்டியில வெச்சா அந்த இடத்துலயே பொறந்தது மாதிரி பொருந்தும். கடல் சிப்பியோட வெள்ளையும் பிங்க்கும் செடி பச்சைக்கு நடுவுல துருத்திட்டு தெரியும், இது தெரியாது. இதுவும் கால்சியம் கார்பனேட் தான், நிலத்து நத்தை ஓடு தண்ணிய மாத்தாதுன்னு சிலர் சொல்றது தப்பு, ஆனா ஓடு மெலிசு, எடை கம்மி, அதனால மொத்தமா கரைஞ்சாலும் தடிச்ச சங்கு அளவுக்கு ஏத்தாது. ஆப்பிரிக்க பெரிய நத்தையோட ஓடும் உபயோகப்படும், ஆனா உயிரோட இருக்கிற அந்த நத்தைய வெறுங்கையால தொடாதீங்க, மூளைக்காய்ச்சல் வர வைக்கிற புழு அதுல இருக்க வாய்ப்பு உண்டு, காலியா காஞ்சு கிடக்கிற ஓட்ட மட்டும் கிளவுஸ் போட்டு எடுத்து நல்லா கொதிக்க வைங்க.

நத்தை ஓட்ட பத்தி பேசும்போது டாங்கன்யிகா ஏரி மீன்கள சொல்லாம போக முடியாது, ஓடு அலங்காரமா இல்லாம வீடாவே இருக்கிற இடம் அது. தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா நாலு நாட்டுக்கும் நடுவுல கிடக்கிற அந்த ஏரியோட அடியில நியோதவ்மாங்கற நன்னீர் நத்தையோட காலி ஓடுகள் மெத்தை மெத்தையா கிடக்குது, அதுக்குள்ள குடும்பம் குடும்பமா சின்ன சிக்லிட்கள் வாழுது. அதுல மல்டின்னு கூப்பிடுற மல்டிஃபேசியேட்டஸ், ஆண் மீனே நாலு, நாலரை சென்டிமீட்டர் தான், பெண் இன்னும் சின்னது. பொடி மணல் போட்டு ஓடுகள பரப்பி விட்டீங்கன்னா வாயால மணல அள்ளி அள்ளி ஓட்ட தனக்கு வேணுங்கற மாதிரி தானே சரி பண்ணிக்கும், ஆசெல்லேட்டஸ்ங்கற இன்னொரு வகை ஓட்ட முழுக்க புதைச்சுட்டு வாசல் மட்டும் மணல் மட்டத்துக்கு தெரியுற மாதிரி விடும், கைய உள்ள விட்டா அந்த விரலளவு மீன் வந்து கடிக்கும். முட்டையும் ஓட்டுக்குள்ள தான், கொஞ்ச நாள்ல வாசல்ல கடுகு சைஸ்ல குஞ்சுங்க தலை நீட்டும். அந்த ஏரியோட பிஹெச் 9 கிட்ட, கடினமான தண்ணி, அதனால போர் தண்ணி வீட்டுக்காரங்களுக்கு இது கிட்டத்தட்ட இயற்கையாவே அமைஞ்ச மீன். ஒரு மீனுக்கு ரெண்டு மூணு ஓடு கணக்குல போடுங்க, நம்ம வயல் நத்தை ஓடு இதுக்கு சைஸ் சரியா வரும், வாய் வட்டமா இருக்கிற கடல் சங்கும் ஒத்துக்கும். உங்க ஆசை சிப்பி மேல தான்னா, சிப்பிக்கு ஏத்த மீன வாங்குறது சிப்பிய மீனுக்கு ஏத்த மாதிரி மாத்துறத விட சுலபம். இந்த மீன் எல்லா கடையிலயும் கிடைக்காது, சென்னை கொளத்தூர் மாதிரி பெரிய மீன் மார்க்கெட்ல சொல்லி வெச்சா எப்பவாவது வரும், வீட்ல வளர்த்து கொடுக்கிறவங்ககிட்ட கேட்டா இன்னும் நல்லது.

இதே வரிசையில உவர்நீர் தொட்டியும் ஒரு வழி. பழவேற்காடு மாதிரி கழிமுகத்துல வாழ்ற ஆரஞ்சு க்ரோமைட் மீன் வெச்சு கொஞ்சம் உப்பு சேர்த்த தொட்டி போட்டா, கிளிஞ்சல் அங்க நிஜமாவே இருக்க வேண்டிய பொருள், பாக்கவும் கண்ணுக்கு உண்மையா இருக்கும்.

சிப்பி வடிவம் தான் வேணும், தண்ணி மாறக்கூடாதுன்னா ரெசின்லயும் செராமிக்லயும் செஞ்சது கிடைக்குது. சூளையில சுட்ட செராமிக் நல்லது, எதுவும் கரையாது. ரெசின்ல நல்ல கம்பெனி சரக்கும் இருக்கு, ஆறு மாசத்துல பெயிண்ட் உரியுற சரக்கும் இருக்கு, வாங்குனதும் ஒரு வாரம் தனி பக்கெட்ல ஊற வெச்சு தண்ணி கலர் மாறுதான்னு, நாத்தம் வருதான்னு பாத்துட்டு போடுங்க. உண்மைய சொன்னா எனக்கு அந்த பிளாஸ்டிக் பளபளப்பு பிடிக்கல, ஆனா டெட்ரா தொட்டிக்கு குழந்தை சங்கு கேட்டு அழுதா இது தான் சரியான பதில்.

அழகுங்கறது சிப்பியில மட்டும் இல்லன்னு ஒத்துக்கிட்டா நம்ம ஊர்ல நல்ல பொருள் கொட்டிக்கிடக்கு. கருங்கல், ஆத்து கூழாங்கல், சாயம் பூசாத மண்பானை ஓடு, கொட்டாங்குச்சி, மரவேர். கொட்டாங்குச்சியில நார எடுத்துட்டு தண்ணி மாத்தி மாத்தி கொதிக்க வெச்சு பழுப்பு இறங்குனதும் வாசல் மாதிரி ஒரு ஓரத்த வெட்டி கவுத்து வெச்சா எந்த மீனும் ஒளிஞ்சுக்கும், பானை ஓடு தண்ணிய கொஞ்சம் கூட மாத்தாது. இதுல ஒரே ஒரு விஷயம் கவனிங்க, தொட்டி அடியில போட சொல்லி வெள்ளை கல்லுன்னு விக்கிறதுல நிறைய மார்பிள் ஜல்லி. சிப்பி போட பயப்படுறவங்க பலர் கிலோ கணக்குல மார்பிள் ஜல்லிய போட்டுட்டு உக்காந்திருப்பாங்க, ரெண்டும் ஒரே பொருள், ஜல்லி அளவுல நூறு மடங்கு. மென்மையான தண்ணி மீன் வெச்சிருந்தா முதல்ல அந்த ஜல்லி மேல வினிகர் விட்டு பாருங்க, அப்புறம் சிப்பிய பத்தி யோசிக்கலாம்.

செடி தொட்டிக்காரங்களுக்கு தனியா ஒரு வார்த்தை. கார்பன் டை ஆக்ஸைடு விடுற தொட்டியில தண்ணி ராத்திரி பகல் அமிலத்தன்மை ஏறி இறங்கிட்டு இருக்கும், அதுல சிப்பி வேகமா கரையும். அக்வாசாயில் போட்டிருந்தா அது பிஹெச்ச இறக்குற மண்ணு, சிப்பிய பக்கத்துல வெச்சா அந்த மண்ணோட சக்தி சீக்கிரம் தீர்ந்து போகும், காசு கொடுத்து வாங்குன மண்ணு வீணா போகும். வேலிஸ்னேரியா மாதிரி கடினத் தண்ணி செடி மட்டும் வெச்ச சாதாரண தொட்டின்னா கவலை இல்ல. அழகு பக்கமும் ஒரு விஷயம் இருக்கு, லைட் நல்லா விழுற தொட்டியில வெள்ளை சிப்பி சில வாரத்துல பச்சையாயிடும், பாசி ஒட்டுன சோழிய பழைய டூத் பிரஷ் வெச்சு தேய்ச்சுட்டே இருக்கணும், கருங்கல்லுல அதே பாசி இயற்கையா அழகா இருக்கும்.

இன்னொரு ஆப்ஷன நிறைய பேர் யோசிக்கறதே இல்ல, சிப்பிய கண்ணுக்கு தெரியுற இடத்துல வைக்காம ஃபில்டருக்குள்ள வைக்கிறது. ஆர்ஓ தண்ணி, சிறுவாணி தண்ணியில கப்பி, மோளி வளர்க்கிறவங்களுக்கு இது ரொம்ப உதவும். ஃபில்டர் பாக்டீரியா அமோனியாவ மாத்தும்போது தண்ணியோட கேஹெச்ச தின்னுட்டே இருக்கும், கேஹெச் தீர்ந்தா பிஹெச் திடீர்னு கீழ விழுந்து நல்லா இருந்த தொட்டி ஒரே ராத்திரியில கவுந்துடும். ஒரு சின்ன வலை பையில கைப்பிடி கிளிஞ்சல் போட்டு ஃபில்டர்ல வெச்சா, பிஹெச் இறங்கும்போது அது கரைஞ்சு ஈடு கட்டும், ஏறுனா தானே நின்னுக்கும். அதிகமா போச்சுன்னு தெரிஞ்சா பைய வெளிய எடுத்துட்டா முடிஞ்சது. இதுக்கு அழகான சங்கு தேவையே இல்ல, நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிக்கு தீவனத்துல சேர்க்கிற கிளிஞ்சல் குருணைய, மருந்து எதுவும் கலக்காததா பாத்து வாங்கி கழுவி போட்டா போதும். நத்தை, இறால் வளர்க்கிறவங்களுக்கு நாட்டு மருந்து கடையில கடல் நுரைன்னு கேட்டா கணவாய் ஓடு கொடுப்பாங்க, ஒரு துண்டு உடைச்சு போட்டா நத்தை அத ராவிட்டே சாப்பிடும், அதோட ஓடு கெட்டியாகும்.

எங்கேருந்து எடுக்கிறோம்ங்கறதும் முக்கியம். மன்னார் வளைகுடாவுல 21 தீவுகள சேர்த்து 1986லயே கடல் தேசிய பூங்காவா அறிவிச்சிருக்காங்க, அங்கேருந்து எதையும் எடுத்துட்டு வரக்கூடாது. 2001ல வன உயிர் பாதுகாப்பு சட்டத்துல கடினப் பவளம் எல்லாத்தையும், கூடவே சில சங்கு, சிப்பி வகைகளையும் சேர்த்தாங்க, நாட்டிலஸ், ராட்சத சிப்பியான ட்ரைடாக்னா, ஐவிரல் சங்குல சில வகை எல்லாம் அதுல வரும், வாங்குறதும் விக்கிறதும் குற்றம். பவளத் துண்டு அழகா இருக்குன்னு கடைக்காரர் நீட்டுனாலும் வாங்காதீங்க. கரையில ஒதுங்குன சாதா கிளிஞ்சல் நாலஞ்சு எடுக்கிறது வேற, சாக்குல அள்ளுறது வேற, காலி சங்கு தான் சன்யாசி நண்டுக்கு வீடு, அதுக்கும் விட்டு வைங்க. எடுக்கும்போது உள்ள ஏதாவது அசையுதான்னு பாருங்க. கூம்பு மாதிரி இருக்கிற சங்கு உயிரோட இருந்தா தொடவே கூடாது, அதோட கொடுக்குல இருக்கிற விஷம் ஆளையே கொல்லும்.

சுத்தம் பண்றது: தேய்ச்சு கழுவி, சுருள் சங்குன்னா கால் மணி நேரத்துக்கு மேல கொதிக்க வெச்சு, உள்ள இருக்கிறத கொக்கி கம்பி வெச்சு இழுத்து, நாத்தம் போகுற வரைக்கும் வெயில்ல காய வைங்க. ப்ளீச் போட்டா அப்புறம் ஆன்ட்டி க்ளோரின் போட்ட தண்ணியில ஒரு நாள் ஊற வெச்சு, க்ளோரின் வாசனை துளியும் இல்லன்னு பாத்துட்டு தான் தொட்டிக்கு. ப்ளீச்சையும் வினிகரையும் ஒண்ணா சேர்க்கவே சேர்க்காதீங்க, வர்ற புகை க்ளோரின் வாயு, மூடுன பாத்ரூம்ல ரொம்ப ஆபத்து. பாத்ரூம் ஆசிட் பக்கமே போக வேணாம்.

போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கெட்ல உங்க குழாய் தண்ணி பிடிங்க, ஒண்ணுல மட்டும் சிப்பிய போட்டு ஒரு வாரம் விடுங்க, அப்புறம் ரெண்டுலயும் கேஹெச் துளி எண்ணுங்க. வித்தியாசம் ஒண்ணோ ரெண்டோ துளின்னா உங்க தண்ணிக்கு சிப்பி அலங்காரம் தான். அஞ்சாறு துளி ஏறுச்சுன்னா அது அலங்காரம் இல்ல, மருந்து, அந்த மருந்து உங்க மீனுக்கு வேணுமான்னு பாத்து போடுங்க.

ஏற்கனவே தொட்டியில நிறைய சிப்பி போட்டு மாசக்கணக்கா ஓடிட்டு இருக்கு, மீன் நல்லா இருக்குன்னா இத படிச்சுட்டு இன்னிக்கே எல்லாத்தையும் வாரி வெளிய போடாதீங்க. மீன் அந்த தண்ணிக்கு பழகியிருக்கும், சட்டுனு எடுத்துட்டு பாதி தண்ணிய ஆர்ஓல மாத்துனா ஏறுனத விட இறங்குற அதிர்ச்சி தான் மீன போட்டு தள்ளும். வாரத்துக்கு ரெண்டு மூணு சிப்பியா எடுங்க, தண்ணி வழக்கம்போல கால்வாசி மாத்துங்க, ஒவ்வொரு தடவையும் துளி எண்ணி எழுதி வைங்க, கேஹெச் 4 கிட்ட வந்ததும் அதோட நிறுத்திக்கோங்க, மீதி சிப்பி உள்ளயே இருக்கட்டும்.